வண்ணம், வர்ணம், ராகம்: நிறத்துக்கும் பாட்டுக்கும் ஒரே சொல் வந்தது எப்படி?

கீழ்க்காற்று:
"ராகத்துக்கு நிறம் பூசுவதால் வர்ணம்" என்று பாட்டு வகுப்புகளில் சொல்கிறார்கள். திருப்புகழை வண்ணப்பாடல் என்கிறோம். ராகம் என்ற சொல்லுக்கே வடமொழியில் சாயம் என்று ஒரு பொருள் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவையா, இல்லை தற்செயலா? இசைப் பொருள் நிறத்திலிருந்து எடுத்த உவமைதான் என்றால் அதற்கு நூல் ஆதாரம் எங்கே? கதைகள் வேண்டாம், சூத்திரம், சொல் வழக்கு என்று ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

தேமா:
முதலில் மூன்றையும் தனித்தனியாக எடுத்து வைக்கணும். வர்ணம் என்பது கர்நாடக இசையின் ஓர் உருப்படி, அதாவது ஒரு பாட்டு வகை. ராகம் வேறு தாதுவிலிருந்து (வடமொழி வினைவேரிலிருந்து) பிறந்த சொல். வண்ணம் தமிழ் யாப்பின் சொத்து, அதன் வயதும் அதிகம்.

தொல்காப்பியத்தில் "வண்ணம்" இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது. சொல்லதிகாரம், வேற்றுமையியலில் ஐந்தாம் வேற்றுமையைச் சொல்லும்போது "வண்ணம் வடிவே அளவே சுவையே" என்று தொடங்கி ஒரு பட்டியல் வரும். அங்கே நிறம்தான், வேறு பொருளுக்கு இடமில்லை. பொருளதிகாரம், செய்யுளியலில் "வண்ணம் தாமே நாலைந்து என்ப" என்கிறார். அங்கே ஓசை. ஆக நிறமும் ஓசையும் ஒரே நூலுக்குள் ஏற்கெனவே ஒரே சொல்லில் இருக்கின்றன.

அந்த நாலைந்து, அதாவது 20: பாஅ, தாஅ, வல்லிசை, மெல்லிசை, இயைபு, அளபெடை, நெடுஞ்சீர், குறுஞ்சீர், சித்திரம், நலிபு, அகப்பாட்டு, புறப்பாட்டு, ஒழுகு, ஒரூஉ, எண்ணு, அகைப்பு, தூங்கல், ஏந்தல், உருட்டு, முடுகு.

இதில் கவனிக்க வேண்டியது இலக்கணம் சொல்லும் முறை. வல்லிசை வண்ணத்தில் வல்லெழுத்து மிகும். மெல்லிசையில் மெல்லெழுத்து மிகும். இயைபில் இடையெழுத்து. நெடுஞ்சீரில் நெட்டெழுத்துப் பயிலும், குறுஞ்சீரில் குற்றெழுத்து. நெடிலும் குறிலும் சமமாகக் கலந்தால் சித்திர வண்ணம். நலிபில் ஆய்தம். அளவெல்லாம் எண்ணிச் சொல்லவில்லை, "மிகும்", "பயிலும்" என்பதோடு சரி. ஒரு பாட்டின் மேல்பரப்பில் எந்த எழுத்து தூக்கலாகத் தெரிகிறதோ அதுதான் அதன் வண்ணம். தாளமோ மெட்டோ இங்கே பேசப்படவில்லை.

பிற்காலத்தில் இதையே பெருக்கினார்கள். யாப்பருங்கல விருத்தி 100 வண்ணம் காட்டும். தூங்கிசை, ஏந்திசை, அடுக்கிசை, பிரிந்திசை, மயங்கிசை என ஐந்து. அகவல், ஒழுகல், வல்லிசை, மெல்லிசை என நான்கு. குறில், நெடில், வலி, மெலி, இடை என ஐந்து. 5 × 4 × 5. பெருக்கல் அழகாக இருக்கிறது, ஆனால் 100க்கும் இயல்பான எடுத்துக்காட்டு தேடினால் திணறித்தான் போக வேண்டும். தொல்காப்பியரின் 20 காதுக்கு எட்டும், இந்த 100 ஏட்டில் எழுதத்தான் ஆகும்.

புதுமுகம்:
தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்றால் வண்ணம் தூய தமிழ்ச் சொல்தானே? வர்ணம் அதிலிருந்து போனது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஏடெடு:
ஒரு சொல் பழைய நூலில் இருப்பதால் மட்டும் அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடாது நண்பரே. வடமொழியில் "ர்ண" என்று இருப்பது பிராகிருதத்தில் "ண்ண" ஆகும்: கர்ண, கண்ண, சுவர்ண, சுவண்ண. அதே வழியில் வர்ண, வண்ண. தமிழ் லெக்சிகனும் வர்ணத்தைத்தான் மூலமாகக் காட்டுகிறது. தமிழ் வேரிலிருந்து விளக்குபவர்களும் இருக்கிறார்கள். நிறப்பொருளுக்கு அந்த விளக்கம் எனக்கு இழுத்துக் கட்டியதாகவே படுகிறது. சொல் வந்த வழி எதுவானாலும், அதைச் செய்யுளின் ஓசைக்கு வைத்து 20 வகையாகப் பிரித்தது தமிழ் இலக்கணம் செய்த வேலை. வடமொழி யாப்பில் "வர்ணம்" என்றால் எழுத்து. அங்கே இந்த வகைப்பாடு கிடையாது.

இன்னொன்று. வண்ணம் என்றால் நிறம், அதிலிருந்து ஓசை என்று நேர்க்கோடு போடுவதற்கு முன் மூன்றாவதாக ஒரு பொருள் இருப்பதைப் பார்க்கணும்: விதம், தன்மை. "அவ்வண்ணமே", "வந்த வண்ணம் இருக்கிறார்கள்" என்று இன்றும் எழுதுகிறோம். கம்பன் அகலிகைப் படலத்தில் இதை வைத்தே ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறான்:

"இவ்வண்ணம் நிகழ்ந்த வண்ணம் இனி இந்த உலகுக் கெல்லாம்
உய்வண்ணம் அன்றி மற்றோர் துயர்வண்ணம் உறுவ துண்டோ
மைவண்ணத் தரக்கி போரில் மழைவண்ணத் தண்ணலே உன்
கைவண்ணம் அங்குக் கண்டேன் கால்வண்ணம் இங்குக் கண்டேன்"

எட்டு வண்ணம். அதில் நிறம் மூன்றாம் அடியில் உள்ள இரண்டு மட்டும்தான். முதல் இரண்டு அடியில் விதம், வழி. கடைசி அடியில் ஆற்றல், செயல்திறம். ஆகவே என் கணக்கு: "தன்மை" நடுவில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் தன்மை நிறம், காதுக்குத் தெரியும் தன்மை ஓசை. ஒன்று மற்றொன்றுக்கு உவமை என்று சொல்லத் தேவையில்லை.

சாயவேர்:
ஏடெடு சொல்வது பாதி சரி. பூசுகிற பொருளையும் வண்ணம் என்றார்கள், அதை விட்டுவிட்டார். சிலப்பதிகாரம் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகார் வீதியில் விற்பவர்களைச் சொல்லும்போது "வண்ணமும் சுண்ணமும் தண்நறுஞ் சாந்தமும்" என்று வரும். சுண்ணம் பொடி, சாந்தம் சந்தனக் குழம்பு, வண்ணம் மேனியில் தீட்டும் கலவை. கூவி விற்கும் சரக்காகவே இருந்திருக்கிறது. வடமொழி வர்ணத்துக்கும் "மூடு, போர்த்து" என்ற பொருளுடைய "வ்ரு" தாதுவைத்தான் வழக்கமாகக் காட்டுவார்கள். பூச்சு என்ற பொருள் ஓரமாக ஒட்டிக்கொண்டது இல்லை, ஆதியிலிருந்தே கூட வருகிறது.

ராகத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். "ரஞ்ஜ்" தாதுவுக்கு முதல் பொருள் சாயம் ஏறுதல், சிவத்தல். பிறகுதான் மனம் தோய்தல், ஈடுபடுதல். "ரஞ்சிதம்", "ரஞ்சகம்", "அனுராகம்", "விராகம்" எல்லாம் அந்தக் குடும்பம். மதங்கர் பிருகத்தேசி என்ற வடமொழி இசை நூலில் தரும் இலக்கணம் இசை படித்தவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: ஸ்வரத்தாலும் வர்ணத்தாலும் அழகு பெற்று, மக்கள் சித்தத்தை ரஞ்சகம் செய்யும் ஒலி விசேஷம் ராகம். ஒரே வரியில் வர்ணமும் ரஞ்சகமும் வருகின்றன.

சாயப் பட்டறை தெரிந்தவர்கள்தான் இந்தச் சொல்லை ஆண்டார்கள் என்பதற்கு 14ஆம் நூற்றாண்டு வடமொழிக் காவிய இலக்கண நூலான சாகித்திய தர்ப்பணம் சாட்சி. விசுவநாதர் காதலை மூன்று ராகமாகப் பிரிக்கிறார்.

நீலி (அவுரி) ராகம்: மிகவும் பளிச்சிடாது, போகவும் போகாது.
குசும்ப (குசும்பாப் பூ) ராகம்: பளிச்சிடும், போய்விடும்.
மஞ்சிட்டி (சிவப்புச் சாய வேர்) ராகம்: பளிச்சிடும், போகாது.

இதைத் தொட்டியில் போட்டுப் பார்த்தாலும் இதேதான். அவுரி நீலத்துக்கு, சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் படிகாரம் தேவையில்லை. புளிக்கவைத்த தொட்டியில் பச்சை மஞ்சளாகத் துணியில் ஏறும், வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு நீலமாகி நாருக்குள் கரையாமல் தங்கிவிடும். குசும்பாப் பூவில் முதலில் குளிர்ந்த நீரில் மஞ்சளைக் கழுவித் தள்ளணும், பிறகு சலவைச் சோடா கரைத்த நீரில் சிவப்பை இறக்கணும், எலுமிச்சைச் சாறு விட்டுப் புளிப்பாக்கி, சூடு காட்டாமல் துணியை முக்கணும். கண்ணைப் பறிக்கும் நிறம் வரும். வெயிலும் சவர்க்காரமும் பட்டால் சீக்கிரம் வெளுத்துப் போகும். மஞ்சிட்டிக்கு 100 கிராம் பருத்தித் துணி என்றால் கடுக்காய்ப் பொடி 15 முதல் 20 கிராம், அதன்பின் படிகாரம் 15 முதல் 20 கிராம், வேர்ப்பொடி 50 முதல் 100 கிராம். கொதிக்க விட்டால் சிவப்போடு பழுப்பு ஏறிவிடும், அதனால் கொதிநிலைக்குக் கீழேயே வைத்திருக்கணும். கடுக்காயைத் தவிர்த்தால் பருத்தியில் படிகாரம் சரியாகப் பிடிக்காது, நிறம் திட்டுத்திட்டாக வரும்.

அந்த மூன்று ராகத்தையும் வகுத்தவருக்கு எது நிற்கும், எது போகும் என்று தெரிந்திருக்கிறது. ராகத்தின் மேல் நாம் ஏற்றி வைத்திருக்கும் பக்திப் பூச்சை விட இந்தத் தொட்டிக் கணக்கு எனக்கு நம்பகமாக இருக்கிறது.

ஆதி_அட:
கேள்வி கேட்டவருக்கு வர்ணம் பற்றி. "நிறம் பூசுவதால் வர்ணம்" என்பது வகுப்பில் சொல்ல வசதியான விளக்கம், அவ்வளவுதான். சங்கீத நூல்களில் வர்ணம் என்பது நிறத்தைக் குறித்த சொல்லே இல்லை. நாட்டிய சாத்திரத்திலிருந்தே நான்கு வர்ணம்: ஸ்தாயி (ஒரே ஸ்வரத்தில் நிற்பது), ஆரோகி (ஏறுவது), அவரோகி (இறங்குவது), சஞ்சாரி (இவற்றைக் கலப்பது). 13ஆம் நூற்றாண்டு சங்கீத ரத்னாகரத்தில் சார்ங்கதேவர் "கானக்ரியை வர்ணம் எனப்படும்" என்று ஒரே அடியில் முடித்துவிடுகிறார். பாடும் செயலுக்கே பெயர் வர்ணம். சாயவேர் காட்டிய மதங்கர் வரியில் உள்ள வர்ணமும் இதுதான், நிறம் இல்லை.

இன்றைய உருப்படியில் இந்த நான்கையும் கேட்கலாம். ஆதி தாள தான வர்ணத்தில் பெரும்பாலும் பல்லவி 2 ஆவர்த்தனம் (தாளச் சுற்று), அனுபல்லவி 2, முதல் பாதியை முடிக்கும் முக்தாயி ஸ்வரம் 2, பிறகு சரணம், அதை ஒட்டி வரும் ஸ்வரப் பகுதிகளான எத்துகட ஸ்வரங்கள். முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு 4 அட்சரம், ஆவர்த்தனத்துக்கு 32. அட தாளம் என்றால் 5 + 5 + 2 + 2, மொத்தம் 14 எண்ணிக்கை. பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் "விரிபோணி" பைரவியில் இருப்பது அப்படி. எத்துகட ஸ்வரங்களில் முதலாவதைப் பாருங்கள். பல வர்ணங்களில் அது நீண்ட ஸ்வரங்களாக, ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகும். அது ஸ்தாயியை ஒட்டியது. அடுத்தடுத்த ஸ்வரங்களில் அடர்த்தி கூடும், ஏற்ற இறக்கம் கூடும், கடைசியில் முழுச் சஞ்சாரி.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு: இரண்டாம் காலம் (இரு மடங்கு வேகம்) பாடும்போது கமகம் (ஸ்வரத்தின் அசைவு) உதிர்ந்து வெறும் ஸ்வரப் பெயர் மட்டும் ஓடும். நீண்ட காந்தாரத்தில் இருந்த அசைவு பாதி நேரத்தில் அடங்காது. எல்லா அசைவையும் அடைக்கப் பார்த்தால் தாளம் தள்ளும், எல்லாவற்றையும் விட்டால் ராகம் செத்துப்போகும். தீர்வு, எந்த ஸ்வரத்தில் அசைவு இல்லாவிட்டால் ராகம் அடையாளம் தெரியாதோ அதை மட்டும் வைத்துக்கொள்வது. பைரவியில் நிஷாதமும் காந்தாரமும் வெறுமையாக ஒலித்தால் என்ன மிஞ்சும்?

யவனன்:
இந்தப் பக்கம் யாரும் வரவில்லையே. கிரேக்கத்திலும் இதே கதை. மேற்கத்திய இசையில் "குரோமாட்டிக்" என்கிறோமே, அது "குரோமா". முதலில் தோல், தோலின் நிறம். பிறகு பொதுவாக நிறம். சாயவேர் சொன்ன "மேலே போர்த்தது" இங்கும் வருகிறது.

கிரேக்கர்கள் நான்கு ஸ்வரம் கொண்ட துண்டை மூன்று ஜாதியாகப் பிரித்தார்கள். இரண்டு ஓரமும் நிலை, அவற்றுக்கு நடுவே சுத்த நான்காம் இடைவெளி. உள்ளே இருக்கும் இரண்டும் நகரும். மேலிருந்து கீழாக முழு, முழு, அரை என்றால் டயடோனிக். ஒன்றரை, அரை, அரை என்றால் குரோமாட்டிக். இரண்டு, கால், கால் என்றால் எனார்மோனிக். எதைக் கூட்டினாலும் இரண்டரைதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டு அரிஸ்டாக்சேனஸ் குரோமாட்டிக்குக்குள் இன்னும் மூன்று சாயல் காட்டுகிறார். நிலை ஸ்வரம் மாறாமல் உள்ளிருப்பது சற்றே நகர்ந்தால் "நிறம்" மாறுகிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்டது நிறம் என்பது போல மற்ற இரண்டு ஜாதிக்கும் இடைப்பட்டதால் அந்தப் பெயர் என்று பழைய விளக்கமும் உண்டு.

இன்று குரோமாட்டிக் என்றால் 12 அரை ஸ்வரமும் வரிசையாக என்று ஆகிவிட்டது. பழைய பொருளில் வரிசையே கிடையாது, நடுவில் ஒன்றரை ஸ்வரப் பள்ளம் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் பாடங்கள் நிறைய.

தமிழ் வண்ணத்துக்கு இன்னும் நெருக்கமானது 14ஆம் நூற்றாண்டு மோட்டெட்டில் (ஐரோப்பியப் பல குரல் பாட்டு) இருக்கிறது. அடிக்குரலில் திரும்பத் திரும்ப வரும் ஸ்வர வரிசைக்கு "கொலோர்" என்று பெயர், அதே நிறம்தான். திரும்ப வரும் கால அளவுக் கோவைக்கு "தாலேயா". இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டியதில்லை. நீளம் வேறானால் கொலோர் இரண்டாம் முறை வரும்போது வேறு கால அளவில் விழும். திரும்ப வரும் ஸ்வர வரிசைக்கு நிறத்தின் பெயர் என்பதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு திருப்புகழைப் பாருங்கள்.

கீழ்க்காற்று:
யவனன் சார், அந்தக் கடைசி வரிதான் எனக்கு வேண்டியது. திருப்புகழில் திரும்ப வருவது எது? மெட்டா, எழுத்தா?

தேமா:
எழுத்தின் இனம். மெட்டு பாடுபவர் போடுவது.

அருணகிரிநாதரின் முதல் பாட்டையே பிரிப்போம். சந்தக் குழிப்பு (தத்த, தன என்று ஓசையை அளக்கும் வாய்பாடு):

தத்தத்தன தத்தத் தனதன (மூன்று முறை), தனதான

முத்தைத்தரு பத்தித் திருநகை
அத்திக்கிறை சத்திச் சரவண
முத்திக்கொரு வித்துக் குருபர
எனவோதும்

திரும்ப வரும் துண்டு துள்ளல். ஒவ்வொரு துள்ளலிலும் ஒற்று நீங்க 10 எழுத்து, 4 வல்லொற்று. மூன்று துள்ளலிலும் அந்த 4 ஒற்றும் அதே இடத்தில் விழுகின்றன. ஒன்றில்கூட மெல்லொற்று கிடையாது. மூன்று துள்ளல் முடிந்ததும் தொங்கல், இங்கே "எனவோதும்". "முத்தைத்" என்பதில் தை நெடிலாயிற்றே என்று கேட்கலாம். சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரம் குறுகும், அதனால் தகரமாகவே எண்ணப்படும். திருநகையின் கையும் அப்படியே. தனியே நிற்கும் கை, மை மட்டும் நெடில்.

வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) வண்ணத்தியல்பில் இதற்கு இலக்கணம் வகுத்தார். அடிப்படைச் சந்தம் எட்டு: தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய. இவற்றை வழக்கமான அசையில் அளந்து பாருங்கள். கட்டு, காட்டு, பந்து, சாந்து, பாடு, அன்ன, மெல்ல: ஏழும் நேர்நேர், ஏழும் தேமா. மீதமுள்ள தன மட்டும் நிரை. அதாவது யாப்பின் அளவுகோலுக்கு ஒன்றாகத் தெரிகிற ஏழு ஓசைகளை வண்ணம் பிரித்துக் கேட்கிறது. எதை வைத்து? குறிலா நெடிலா, வல்லினமா மெல்லினமா இடையினமா. தொல்காப்பியர் வல்லிசை, மெல்லிசை, இயைபு, நெடுஞ்சீர், குறுஞ்சீர் என்று பிரித்த அதே அளவுகோல். அவர் "மிகும்" என்று விட்டதை அருணகிரி எழுத்துக்கு எழுத்து இடம் குறித்து நிறுத்திவிட்டார்.

புதுமுகம்:
எழுதிப் பார்க்க நினைத்தால் எங்கே தொடங்குவது ஐயா?

தேமா:
மேலே உள்ள துள்ளலையே எடுங்கள். "கட்டுக்கதை விட்டுத் தெளிவுற" சரியாக உட்காரும். "காட்டுக்கதை" என்றால் தாத்தத்தன ஆகிவிடும். "பந்துக்கதை" என்றால் தந்தத்தன. மூன்றும் வெண்பாவுக்கு ஒரே அளவுதான், வண்ணத்தில் இரண்டு தள்ளுபடி. "பார்த்து", "வாழ்த்து" போல இடையொற்றை அடுத்து வல்லொற்று வந்தால் இடையொற்றைக் கணக்கில் எடுக்காமல் தாத்த என்றே கொள்வார்கள்.

முதலில் தொங்கலைத் தேர்ந்தெடுங்கள், துள்ளல் பிறகு. தொங்கலின் கடைசி எழுத்தில் மட்டும் சலுகை உண்டு: "எனவோதும்", "பெருமாளே" இரண்டும் தனதானதான். அடுத்து எதுகை. அதன்பின்தான் பொருள். வரிசையை மாற்றிப் பொருளை முதலில் வைத்தால் மூன்றாம் துள்ளலில் சொல் கிடைக்காமல் "மிக்க", "மெத்த" என்று அடைமொழி திணிக்க நேரும். இடைக்காலச் சந்தப் பாட்டுகள் பலவற்றில் இந்த அடைப்பு வேலை தெரியும். அருணகிரியிடமே சில இடத்தில் தெரிகிறது, அடிக்க வராதீர்கள்.

ஏடெடு:
அடிக்க வரவில்லை. ஒன்று சேர்க்கணும். வண்ணமும் ராகமும் வேறு வேறு என்று தேமா தொடக்கத்தில் பிரித்துவிட்டார், ஆனால் தமிழ் யாப்பில் இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. வண்ணக ஒத்தாழிசைக் கலிப்பாவில் தரவு, தாழிசை, அராகம், அம்போதரங்கம், தனிச்சொல், சுரிதகம் என்று உறுப்பு. அராகம் குறில் மிகுந்து, உருண்டு விரைவாக ஓடும் பகுதி. அதற்கு மறுபெயர் வண்ணகம். முடுகியல், அடுக்கியல் என்றும் சொல்வார்கள். அந்த உறுப்பு இருப்பதால்தான் பாவுக்கே வண்ணகம் என்று பெயர். அராகம் என்பது ரகரம் மொழிக்கு முதலில் வராததால் அகரம் முன்னே சேர்ந்த ராகம் என்றே கொள்கிறார்கள். நிறத்தின் பெயர் கொண்ட இரண்டு சொல்லும் கலிப்பாவின் ஒரே உறுப்புக்கு, அதுவும் வேகமான ஓசைக்குப் பெயராகிவிட்டன.

சாயவேர்:
அப்படியானால் "தன்மை" நடுவில் என்ற உங்கள் கணக்கு அராகத்துக்குப் பொருந்தாதே. ராகத்துக்கு "விதம்" என்ற பொருள் கிடையாது. சாயம்தான் அங்கே நேராக ஓசைக்குப் போயிருக்கிறது.

ஏடெடு:
நேராக இல்லை. சாயம், மனத்தோய்வு, பிறகு இசை. வடமொழியிலேயே மூன்று படி முடிந்து, இசைப் பொருளோடுதான் தமிழ் யாப்புக்கு வந்தது. வண்ணத்துக்கு என் கணக்கு நிற்கும், ராகத்துக்கு உங்கள் கணக்கு நிற்கும்.

கடல்மணல்:
இலங்கையிலிருந்து ஒரு சேர்க்கை. கண்டி நடனத்தில் "வன்னம்" என்று 18 உருப்படி உண்டு: கஜகா யானை, துரங்கா குதிரை, மயுரா மயில், நையடி பாம்பு, ஹனுமா குரங்கு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம், பாட்டு, நடை. சிங்களத்தில் இதை "வர்ணனை" என்ற சொல்லோடு சேர்த்துத்தான் பொதுவாக விளக்குகிறார்கள், யானையை வர்ணிப்பது கஜகா வன்னம் என்று. ஆனால் வன்னத்தைக் கற்பிக்கும்போது முதலில் தருவது வர்ணனை வரிகளை இல்லை. "தானம்" என்று தனதன தானா போட்டு மெட்டைப் பிடிக்க வைக்கிறார்கள், சொல் பிறகுதான் வரும்.

தேமா:
கடல்மணல், அந்தத் தானத்தில் தத்த, தந்த என்று வல்லொற்றும் மெல்லொற்றும் பிரிகிறதா, அல்லது குறில் நெடில் மட்டும்தானா? பிரிந்தால் அது நம் குழிப்பு. பிரியாவிட்டால் வெறும் கால அளவு.

கடல்மணல்:
கஜகாவுக்கும் மயுராவுக்கும் தானத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி இடுகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.